முதலில் யாரைச் சேர்ப்பது?

குறைந்த செலவில் மாயாஜால அனிமேஷன் தொடர் என்றதும் பலர் பிரமாதமாக வரைபவரைத் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது அனிமேட்டிக் செய்பவரை. ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு கோத்து, காட்சியின் நீளத்தை முடிவு செய்பவர் அவர். நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படங்கள் வேண்டும். அவர் வெட்டும் ஒவ்வொரு நொடியும் கையிருப்புப் பணம்.

அடுத்தவர் ரிக்கர். பாத்திரத்துக்கு எலும்பும் மூட்டும் பொருத்துபவர். ரிக் ஒழுங்காக இருந்தால் மணிலாவில் ஒருவர், லிஸ்பனில் ஒருவர் அசைத்தாலும் டிராகன் ஒன்றேதான்.

அனிமேட்டர்களிடம் ஐந்து நொடிக் காட்சி ஒன்றைச் சோதனைக்குக் கேட்பேன். அதற்கும் கூலி உண்டு. ஷாட்டுக்கு எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை, உரிமை யாருக்கு என்பதெல்லாம் வேலைக்கு முன்பே எழுத்தில் வந்துவிட வேண்டும்.

மென்பொருளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் உருவானது. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றும் சேர்ந்து தயாரித்த அந்தப் படம் 2025இல் ஆஸ்கர் வென்றது. அதில் வசனமே கிடையாது. உதட்டசைவு வேலையும் மிச்சம். பட்ஜெட் சிறியதென்றால் கதையையே அப்படி யோசிக்கலாம்.