ஊரின் நீரும் ஊரின் ஏடும்

பினாங்கு என்றதும் தீவும், ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களும், கொடிமலையும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், அம்மாநில நிலப்பரப்பின் பெரும்பகுதி தீவில் இல்லை. 1800ஆம் ஆண்டு கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற, இன்று செபராங் பிறை என்று வழங்கும் பெருநிலப் பகுதியில்தான் இருக்கிறது. அதன் வடக்கு மாவட்டத்தில் அமைந்த சிறு நகரம் கெப்பாலா பத்தாஸ். அதன் வடக்கே கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாகச் சுங்கை மூடா ஆறு ஓடுகிறது, மேற்கே மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரை நீள்கிறது, சுற்றிலும் நெல்வயல்கள். பினாங்கு மக்கள் குடிக்கும் நீருக்கான மூலநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஒரே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. தீவின் உயரமான அடுக்குமாடி வீட்டில் திறக்கப்படும் குழாய்க்கும் கெடாவின் உலு மூடா காட்டில் பெய்யும் மழைக்கும் இடையே உள்ள இந்த உறவை மாநில மக்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது எளிதான கேள்வி அன்று. அந்த அறிவு எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது, யார் கைக்கு எந்த மொழியில் எட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதற்கான விடை அமைகிறது. நூலகப் பணியும் சுற்றுச்சூழல் பணியும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

பினாங்கில் நூலகத்தின் வரலாறு நீண்டது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டே தீவில் ஒரு நூலகம் உருவானது. அது சந்தா நூலகம்; அதாவது, பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டுமே நூல்களை வழங்கிய நிறுவனம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ்த் தொழிலாளியும் சந்தையில் மீன் விற்ற மலாய்ப் பெண்ணும் அதன் வாசகர்களாகக் கருதப்படவில்லை. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற பொது நூலகக் கொள்கை அங்கு வேர்விட ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1970களில் சட்டத்தின் வழியே பினாங்கு பொது நூலகக் கழகம் அமைந்தது. இன்று அதன் தலைமையகம் தீவில் அல்லாமல் செபராங் ஜெயாவில் இருப்பது, பெருநில மக்களும் நூலகத்துக்கு உரியவர்களே என்பதை உணர்த்தும் நல்ல ஏற்பாடு. 2016இல் ஜார்ஜ்டவுனின் மஸ்ஜித் நெகிரி சாலையில் மின்னூல்களுக்கென்றே ஒரு நூலகம் திறக்கப்பட்டது. எனினும், கணினித் திரையில் கிடைக்கும் நூல் மட்டும் போதுமானதன்று என்பதால், கிராமங்களைத் தேடிச் செல்லும் நடமாடும் நூலக வண்டிகளுக்கான தேவை இன்றும் குறையவில்லை.

நூல் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் தமிழர்களுக்குப் புதியதன்று. சீர்காழியில் பிறந்து நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் ஊக்கம் பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகம் வளரும் உயிரி என்பது ரங்கநாதனின் ஐந்தாம் விதி. வளர்ச்சி என்பது அலமாரிகள் கூடுவதை மட்டும் குறிக்காமல், ஊரின் தேவை மாறும்போது நூலகத்தின் பணியும் மாற வேண்டும் என்பதையும் குறிக்கிறது. ஆறு மாசுபடுவதும், கரை அரிக்கப்படுவதும், 2017 நவம்பரில் ஏழு உயிர்களைப் பறித்தது போன்ற பெருவெள்ளம் வருவதும் இன்றைய பினாங்கின் கவலைகள் என்றால், அங்குள்ள நூலகம் அக்கவலைகளுக்கு உதவும் அறிவைத் திரட்டித் தருவது அதன் இயல்பான கடமை ஆகும்.

இக்கடமையின் ஒரு பகுதியை நூலகங்களுக்கு வெளியே ஒரு மக்கள் அமைப்பு அரை நூற்றாண்டாகச் செய்துவருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் தோன்றியது. தமிழ்நாட்டில் பிறந்து இளம் வயதிலேயே பினாங்குக்கு வந்து வணிகம் செய்த எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019 மே மாதம் தம் 92ஆம் வயதில் மறையும் வரை அதன் தலைவராக இருந்தார். 1977இல் மலேசிய இயற்கை நண்பர்கள் என்று பொருள்படும் சஹபாட் ஆலாம் மலேசியா அமைப்பையும் அவரே தொடங்கினார். சரவாக்கின் காட்டுவாழ் மக்களுக்காக அது நடத்திய போராட்டத்துக்கு 1988இல், மாற்று நோபல் எனப் புகழப்படும் சரியான வாழ்வுக்கான விருது கிடைத்தது. சங்கம் செய்த மற்றொரு பணியும் குறிப்பிடத்தக்கது. அது தன் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிட்டது. 'பயனீட்டாளர் குரல்' என்ற தமிழ் ஏட்டின் வழியே, உணவில் கலக்கும் நச்சுப் பொருள், பூச்சிமருந்தின் தீமை, ஆற்றில் கலக்கும் கழிவு ஆகியவை பற்றிய செய்திகள் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களை அவர்களின் மொழியிலேயே எட்டின. சூழல் அறிவு படித்த நகரவாசிகளின் தனிச்சொத்தாகிவிடாமல் காத்ததில் இந்த நான்கு மொழிப் பணிக்கு உரிய இடம் இதுவரை முழுமையாக அளிக்கப்படவில்லை.

இத்தகைய விழிப்பின் வலிமை 1990-91இல் வெளிப்பட்டது. கொடிமலையின் காட்டை வெட்டி விடுதிகளும் கேளிக்கைப் பூங்காவும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பல அமைப்புகள் ஒன்றுகூடி அதை எதிர்த்தன. பெரும் கட்டுமானத்தைத் தொடங்கும் முன் அது நிலம், நீர், உயிர்கள், மக்களின் பிழைப்பு ஆகியவற்றை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்ந்து எழுதப்படும் அறிக்கைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர். மலேசியாவில் இது 1980களின் இறுதியில்தான் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மலைத் திட்டத்தின் அறிக்கையைக் குடிமக்களும் வல்லுநர்களும் வரிவரியாகப் படித்துக் குறைகளை எடுத்துக்காட்டியதால் திட்டம் நின்றுபோனது. அன்று காக்கப்பட்ட அக்காடு, 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ ஏற்ற கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியாக இன்று விளங்குகிறது.

பெரிய திட்டங்களுக்கான மதிப்பீட்டு அறிக்கைகள் முடிவெடுக்கப்படும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது விதி. அவை வைக்கப்படும் இடங்களில் சுற்றுச்சூழல் துறை அலுவலகங்களோடு பொது நூலகங்களும் அடங்கும். ஏறத்தாழ ஒரு மாதம் வரை எவரும் சென்று படித்துத் தம் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். மக்களாட்சியின் மிக அரிய உரிமைகளில் ஒன்று இவ்வாறு ஒரு நூலக மேசையில் கிடக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதுதான் கடினம். அறிக்கையோ பல நூறு பக்கங்கள் கொண்டது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், நீரோட்டக் கணக்குகளும் படிவுகளின் அளவுகளும் நிறைந்தது. அதன் சுருக்கம் தமிழில் கிடைப்பதில்லை. தீவின் தென்கடலில் மூன்று செயற்கைத் தீவுகளை உருவாக்கும் திட்டத்துக்கு 2019இல் கிடைத்த ஒப்புதலை, கரையோர மீனவர்கள் தொடுத்த மேல்முறையீட்டின்பேரில் 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் நீக்கியது. பின்னர் புதிய அறிக்கை எழுதப்பட்டு 2023இல் நிபந்தனைகளுடன் ஒப்புதல் கிடைத்ததும், மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டதும் தனிக் கதை. திட்டம் சரியா தவறா என்ற வாதம் எவ்வாறு முடிந்தாலும், வலை வீசும் மீனவர்கள் ஓர் அறிவியல் ஆவணத்தைக் கேள்வி கேட்டு, அதன் முடிவையே ஒருமுறை மாற்றினார்கள் என்பது வரலாறு. துணைநின்று படித்துச் சொல்ல ஆட்கள் இருந்ததால்தான் அது இயன்றது. அத்தகைய துணையை ஒவ்வோர் ஊரிலும் தரத்தக்க நிலையான நிறுவனம் நூலகத்தைத் தவிர வேறில்லை.

கெப்பாலா பத்தாஸைச் சுற்றியுள்ள நிலமே இதற்கான பாடங்களால் நிறைந்தது. நகருக்கு மேற்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் கரை, அலை வற்றும்போது அகன்ற சேற்று வெளியாக விரிகிறது. அச்சேற்றிலுள்ள புழுக்களையும் சிப்பிகளையும் தின்று இளைப்பாற, சைபீரியாவிலும் வடகிழக்கு ஆசியாவிலும் இருந்து உள்ளான் இனங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன. உலகில் மிகச் சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ள நார்ட்மன் பச்சைக்காலியும் அங்கு காணப்பட்டுள்ளதால், பறவைகளுக்கான முக்கிய இடங்களின் உலகப் பட்டியலில் இக்கரை சேர்க்கப்பட்டுள்ளது. 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் தொலைநோக்கியுடன் இத்தகைய கரைகளில் நின்று எண்ணுகிறார்கள். ஓர் ஆண்டின் எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது; முப்பது ஆண்டு எண்ணிக்கைகளை அடுக்கிப் பார்க்கும்போதே ஓர் இனம் குறைகிறதா, நிலைக்கிறதா என்பது புலப்படும். தொடர்ந்து எழுதுவதும் எழுதியதைக் காப்பதும் இல்லாமல் இந்த அறிவு பிறப்பதில்லை. அத்தகைய ஏடுகளின் ஒரு படி உள்ளூர் நூலகத்தில் இருந்தால், பள்ளி மாணவர் தம் ஊரின் கரையைப் பற்றிய உண்மைத் தரவைக் கொண்டே அறிவியல் கற்கலாம்.

சேற்றுக் கரையின் காவலர்கள் அலையாத்தி மரங்கள். உப்புநீரில் வளரும் இம்மரங்களில் சில, வில்போல் வளைந்த தாங்குவேர்களால் தளர்ந்த மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில, காற்றற்ற சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டும் மூச்சுவேர்களால் சுவாசிக்கின்றன. அலையின் வேகத்தை ஆற்றுவதால் தமிழர் இட்ட பெயர் இம்மரத்துக்கு மிகப் பொருத்தமானது. மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது வளர்வது இவ்வேர்களின் நடுவில்தான். செபராங் பிறையின் தென்பகுதியில் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1990களிலிருந்து அலையாத்திக் கன்றுகளை நட்டுவருகிறது. மீன்பிடி குறைந்ததன் காரணத்தைத் தேடிய மீனவர்கள், வெட்டப்பட்ட மரங்களே காரணம் என்று தாமே கண்டறிந்து அப்பணியில் இறங்கினர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை பினாங்கில் 50க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, அலையாத்தி கரையைக் காக்கும் என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்ததன் பொருள் அனைவருக்கும் விளங்கியது. எந்தக் கன்றை எந்த ஓதத்தில் நட வேண்டும், எந்தச் சேற்றில் எது பிழைக்கும் என்ற அம்மீனவர்களின் அனுபவம் பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது. முதியவர்களோடு அது மறைந்துபோகும் முன் பதிவுசெய்து வைப்பது நூலகப் பணியே.

அரசின் நடவடிக்கைகளையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். மலேசியாவிலேயே முதலாவதாகப் பினாங்கு 2009இல் வாரத்தில் ஒரு நாளும், 2011 சனவரி முதல் எல்லா நாள்களிலும் இலவச நெகிழிப்பை வழங்குவதை நிறுத்தியது. 2016 சூனில் குப்பையை வீட்டிலேயே பிரித்துவைக்கும் கொள்கையைக் கொண்டுவந்து அடுத்த ஆண்டு முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தியது. சட்டம் போட்டால் மட்டும் பழக்கம் மாறாது. ஏன் பிரிக்க வேண்டும், பிரித்த பின் அது எங்கே செல்கிறது என்று விளக்குவோர் வேண்டும்.

பிற நாடுகளில் இவ்விளக்கப் பணியை நூலகங்கள் ஏற்றுள்ளன. அண்டை நாடான சிங்கப்பூரில் சுவா சூ காங் நூலகம் 2021இல் சூழல் பேணலையே மையப்பொருளாகக் கொண்டு மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010இல் விதை நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நூலைப்போலவே விதையை இரவல் பெற்று, விதைத்து வளர்த்து, அறுவடையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது அதன் முறை. பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் இயற்கை வேளாண்மைப் பயிற்சிகளில் பஞ்சகவ்யம் முதலிய ஊட்டக் கரைசல்களைச் செய்யவும் வீட்டுத் தோட்டம் போடவும் கற்பித்துவருகிறது. நெல்வயல் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸில் ஒரு நூலக மூலையில் வெண்டை, முருங்கை, கங்குங் விதைகளும், அவற்றை வளர்க்கும் முறையைத் தமிழிலும் மலாயிலும் சொல்லும் சிறு ஏடும் வைக்கப்படுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அங்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சுங்கை மூடாவைப் பற்றியும், தம் ஊர்க் கரையின் பறவைகளைப் பற்றியும், அலையாத்தியைப் பற்றியும் தாய்மொழியில் எழுதப்பட்ட நூல்கள் போதிய அளவில் இல்லை என்பதே இன்றைய பெருங்குறை. பள்ளி நூலகமும் பொது நூலகமும் மீனவர் சங்கமும் பறவை ஆர்வலர்களும் கைகோத்தால் இக்குறையைத் தீர்க்க முடியும். அதற்கான அறிவும் ஆட்களும் மாநிலத்திலேயே உண்டு. அதுவரை வாசகர் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தம் வட்டாரத்தில் அடுத்து வரும் பெருந்திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வைக்கப்படும்போது, நூலகத்துக்குச் சென்று அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாத பகுதியைக் குறித்துக்கொண்டு விளக்கம் கேளுங்கள். அதன் சுருக்கம் தமிழிலும் வேண்டும் என்று உங்கள் கருத்துக் கடிதத்தில் எழுதி, கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.