ஊட்டி தைலம்... தடவலாம், முகரலாம்... விழுங்கலாமா?

ஜலதோஷம் பிடித்தால் நம் வீடுகளில் முதலில் கை போவது அந்தச் சின்ன பாட்டிலுக்குத்தான். அதே பாட்டில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராத்திரி பதினொரு மணி. கோயமுத்தூரில் என் அக்கா வீடு. ரெண்டு வயசுப் பேரனுக்கு இருமல் நிற்கவே இல்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு அசந்து தூங்கும் மருமகளை எழுப்ப அக்காவுக்கு மனசு வரவில்லை. 'நாமே மருந்து கொடுத்துடலாம்' என்று அலமாரியில் கைவிட்டு, இருட்டிலேயே ஒரு ஸ்பூன் ஊற்றி, குழந்தை வாயில் புகட்டிவிட்டாள்.

குழந்தை வீறிட்டு அழுதது. அறை முழுக்கத் தைல வாசனை. லைட்டைப் போட்டுப் பார்த்தால்... கையில் இருந்தது இருமல் சிரப் இல்லை. போன மாசம் ஊட்டிக்குப் போனபோது வாங்கி வந்த நீலகிரித் தைலம்!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்தார். "உப்புத் தண்ணியைக் கரைச்சுக் கொடு, வாந்தி எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார். அக்காவும் டம்ளரைத் தேடினாள். மருமகள்தான், "வேண்டாம் அத்தை, நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தைல பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போதே குழந்தைக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் வைத்துக் கண்காணித்தார்கள். மறுநாள் சாயங்காலம்தான் 'பாட்டி' என்று கூப்பிட்டான் பிள்ளை.

வாந்தி எடுக்க வைக்காததும், பாட்டிலைக் கையோடு கொண்டு போனதும் எவ்வளவு சரியான காரியம் என்பது எங்களுக்கெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்தோ வந்த மரம்

நீலகிரித் தைலம் என்று பெயர் இருந்தாலும் மரம் நம்ம ஊர் மரம் இல்லை. யூகலிப்டஸின் பிறந்த வீடு ஆஸ்திரேலியா. அங்கே 1852-லேயே ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளுநர் இலையிலிருந்து தைலம் வடித்து விற்க ஆரம்பித்தார். நீலகிரிக்கு இந்த மரம் 1840-களில் வந்தது. வெள்ளைக்காரர்களின் குளிருக்கு அடுப்பெரிக்கச் சோலைக் காடுகள் வெட்டுப்பட்டன. சீக்கிரம் வளர்ந்து விறகு தரும் மரமாக இதைக் கொண்டுவந்து நட்டார்கள். தைலம் அப்புறம் கிடைத்த லாபம்!

பெரிய பாத்திரத்தில் இலையைத் திணித்து ஆவியேற்றுகிறார்கள். அந்த ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்ததும் தண்ணீரின் மேலே தைலம் மிதக்கும். நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது சுமார் ஒரு கிலோ தைலம்தான். அதாவது ஒரு மூட்டை இலையின் வீரியம் அந்தச் சின்ன பாட்டிலுக்குள் அடங்கியிருக்கிறது. 'இலைச்சாறுதானே, என்ன பண்ணிடும்?' என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு.

மூக்கடைப்பு நிஜமாகவே விலகுகிறதா?

தைலத்தின் முக்கியமான சரக்கு சினியோல் என்ற பொருள். மருத்துவத் தரமான தைலத்தில் இது 70 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டு முகர்ந்ததும் 'அப்பாடா' என்று மூச்சு சீராகிற மாதிரி இருக்கிறதே, அது இதனால்தான்.

ஆனால் ஒரு ஆச்சரியம். யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் மூன்றையும் முகரச் செய்து மூக்கில் காற்று போகும் அளவை அளந்து பார்த்தார்கள். 1983-ல் வெளியான அந்த ஆய்வில், அடைப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால், 'மூச்சு நன்றாகப் போகிறது' என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. மூக்கிலுள்ள குளிர்ச்சி நரம்புகளைத் தைலம் தூண்டிவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்போ இது ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்ல வேண்டாம். சளி பிடித்தவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தால் அதுவும் ஒரு நன்மைதானே! ஆனால் தைலம் ஜலதோஷத்தைக் குணப்படுத்தாது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் என்றெல்லாம் இருந்தால் தைலத்தை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

எப்படிப் பயன்படுத்தலாம்?

கைக்குட்டையில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு முகரலாம். பெரியவர்களுக்கு இதுவே போதும்.

கை கால் வலிக்குத் தடவ வேண்டுமா? அப்படியே ஊற்றித் தேய்க்காதீர்கள். எரிச்சல் வரும், சிலருக்குத் தோல் சிவந்து தடித்துவிடும். இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நான்கு சொட்டு கலந்தால் போதும். முதல் தடவை என்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கண், உதடு, புண் பக்கம் வேண்டவே வேண்டாம். தடவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆவி பிடிப்பதில்தான் அதிக கவனம் தேவை. கொதிக்கிற தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்து, போர்வையை மூடி, குழந்தையையும் மடியில் உட்கார வைத்துக்கொள்வது நம் பழக்கம். பாத்திரம் சாய்ந்தால் தொடை, வயிறு எல்லாம் வெந்துவிடும். கொரோனா பரவிய 2020-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் இப்படி ஆவி பிடித்து வெந்துபோய் வந்த குழந்தைகள் திடீரென்று அதிகமானார்கள் என்று அங்குள்ள டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆவி வேண்டாம்.

யாருக்குக் கூடாது?

இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தைலம் கூடவே கூடாது. மூக்கு நுனியிலும் உதட்டுக்கு மேலும் தடவிவிடும் பாட்டிமார்கள் தயவுசெய்து கவனிக்கவும். அந்த நெடியில் பிஞ்சுக் குழந்தைக்குத் தொண்டை இறுகி மூச்சே தடைபடலாம். இரண்டு வயசுக்கு மேல் என்றாலும் டாக்டரைக் கேட்டுவிட்டே தடவுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வலிப்புடன் வந்த பெரியவர்கள் 350 பேரில் 55 பேருக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களோடு தொடர்பு இருந்தது தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிலருக்கு நெடி ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

வாய்க்குள் போனால்...

'சர்க்கரையில் ரெண்டு சொட்டு விட்டுச் சாப்பிட்டால் சளி கரையும்' என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். தைலம் ரத்தத்தில் வேகமாகக் கலந்து மூளையை மந்தமாக்கிவிடும். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வரை போகலாம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வரும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். அதைவிடக் குறைவாகக் குடித்த குழந்தைகளுக்கும் மயக்கம் வந்ததுண்டு.

யூகலிப்டஸின் தாய்நாட்டிலேயே இந்தத் தொல்லை உண்டு. 1981 முதல் 1992 வரை மெல்போர்னில் ஒரே குழந்தைகள் மருத்துவமனையில் மட்டும் தைலம் குடித்து அனுமதிக்கப்பட்ட குழந்தைகள் 109 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதிப்பு தெரிந்திருக்கிறது.

உடனே செய்ய வேண்டியவை

* வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் விடுதல் எதுவும் வேண்டாம். வெளியே வரும் தைலம் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும்.

* 'விஷத்தை முறிக்கும்' என்று பாலைப் புகட்டாதீர்கள்.

* வாயைத் துணியால் துடைத்துவிடுங்கள். உடம்பில் கொட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

* குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் 'ஒண்ணுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது உடனே கிளம்புங்கள்.

* பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டருக்கு அதைப் பார்த்தால் தெரியும்.

'டீ ட்ரீ ஆயில்' எப்படி?

பருவுக்கும் பொடுகுக்கும் இப்போது காலேஜ் பெண்கள் வாங்கும் டீ ட்ரீ ஆயில், யூகலிப்டஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. இதுவும் ஆஸ்திரேலியாக்காரிதான். பெயரில் டீ இருந்தாலும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்ம ஊர் நாவலும் கொய்யாவும்கூட இதே குடும்பம்தான்! 1990-ல் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவிகித டீ ட்ரீ ஜெல் பருக்களைக் குறைத்தது. வழக்கமான பருக் களிம்பைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. கவனியுங்கள், அது 5 சதவிகிதம்தான். பாட்டிலில் வருவதை அப்படியே முகத்தில் பூசக் கூடாது. பழைய பாட்டில் என்றால் அலர்ஜி வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். இதையும் விழுங்கக் கூடாது. பாட்டிலைக் குழந்தைகளிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

அக்கா இப்போது...

பேரன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வரை அவனைத் தூக்கவே அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. "என் கையாலே கொடுத்தேனே" என்று அழுதுகொண்டே இருந்தாள். மருமகள்தான் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் உட்கார வைத்தாள். "ஒரே அலமாரியில ரெண்டையும் வெச்சது நான்தானே அத்தை" என்றாள்.

இப்போது தைலமும் பாமும் பீரோவின் மேல்தட்டில், பூட்டிய டப்பாவில் இருக்கின்றன. பாட்டிலில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள் அக்கா. ராத்திரியில் மருந்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் லைட், அப்புறம் மூக்குக்கண்ணாடி, அப்புறம்தான் ஸ்பூன்.

இன்றைக்கே உங்கள் வீட்டு மருந்து அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்களேன். இருமல் சிரப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?