ஓர் அங்குலமும் நிரம்பாத கிறுக்கல்

இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு என்றதும் கரும்பலகை நிறைந்த சமன்பாடுகளே பலர் மனக்கண்ணில் எழும். 1965ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த ஜோசலின் பெல்லுக்கோ முதல் ஈராண்டுகள் சம்மட்டியோடு கழிந்தன. நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பங்களை நட்டு, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளக் கம்பிகளை இழுத்துக் கட்டினர், அவரும் உடனுழைத்த சிலரும். நம்மவர் கண்ணுக்கு அது வெற்றிலைக் கொடிக்கால் போலத் தோன்றியிருக்கும். அதுதான் தொலைநோக்கி.

விண்மீன் மின்னும், கோள் மின்னாது. புள்ளியாய்த் தெரியும் ஒளியைக் காற்றின் அலைவு எளிதில் குலைத்துவிடும். வட்டமாய்த் தெரியும் ஒளியை அவ்வாறு குலைப்பதில்லை. வானலைகளுக்கும் இவ்விதி பொருந்தும். கதிரவனிலிருந்து இடையறாது வீசும் மின்துகள் காற்றினூடே வருகையில், மிகச் சிறிய கோண அளவுடைய வானலை மூலங்கள் மட்டுமே மினுக்கும். மினுக்குவனவற்றைத் தேடினால் குவேசார்கள் எனும் தொலைதூர விண்பொருள்கள் அகப்படும் என்பது நெறியாளர் ஆன்டனி ஹியூவிஷின் திட்டம். (உதகையின் மலைச்சரிவில் நிற்கும் வானலைத் தொலைநோக்கியும் இம்மினுக்கலைக் கொண்டே கதிரவக் காற்றை ஆராய்ந்து வருகிறது.)

1967 சூலையில் கருவி இயங்கத் தொடங்கியது. நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாளில் எழுதுகோல்கள் கோடிழுத்தன. கணிப்பொறியிடம் அக்கோடுகளை ஆராயும் பணியை ஒப்படைக்க வேண்டா, கருவியின் இயல்பு பிடிபடும்வரை கண்ணாலேயே பார்ப்போம் என்பது அவர்கள் முடிவு. ஆய்வுப் பயிற்சியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பேன். எந்தக் கம்பி எவ்வாறு இணைந்தது என்பதைத் தன் கையால் அறிந்தவருக்கே, எந்தக் கோடு விண்ணுக்குரியது, எது சாலையிற் சென்ற ஊர்தியின் தீப்பொறிக்குரியது என்பது விளங்கும். தகுதியற்றவள் என்று எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சமும் அவருக்கு இருந்ததாம். அவ்வச்சமே ஒரு கோட்டையும் விடாது பார்க்கத் தூண்டியது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

சில வாரங்களில் ஓர் அங்குலம்கூட நிரம்பாத கிறுக்கல் ஒன்று தென்பட்டது. அது மினுக்கலும் அன்று, மனிதர் எழுப்பும் இரைச்சலும் அன்று. முன்பும் இவ்விடத்தில் இதைக் கண்டோமே என்று பழைய தாள்களைப் புரட்டினால், வானின் அதே பகுதியில் அது மீண்டும் மீண்டும் வந்திருந்தது. அதுவும் நள்ளிரவில், கதிரவனுக்கு எதிர்த்திசையில் மினுக்கல் தளர்ந்துபோகும் வேளையில்! விண்மீன்களைப் போலவே அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வந்தது. தரையில் வாழ்வோர் கடிகாரம் அவ்வாறு ஓடுவதில்லை.

தாளை விரைந்தோடச் செய்து அக்கிறுக்கலை விரித்துப் பதிவுசெய்ய முயன்றார். வாரக்கணக்கில் ஒன்றும் சிக்கவில்லை. ஒருநாள் ஒரு சொற்பொழிவு கேட்கப் போய்விட்டார். அன்று பார்த்து அது வந்து போயிருந்தது. நவம்பர் 28 அன்றுதான் பிடிபட்டது: 1.337 நொடிக்கு ஒருமுறை, பிசகாத துடிப்பு.

இவ்வளவு ஒழுங்கு செயற்கையாகத்தான் இருக்கும் என்பது நெறியாளரின் முதல் ஐயம். வேற்றுலகத்தாரோ என்று பாதி வேடிக்கையாக அதற்குச் ‘சிறு பச்சை மனிதர்’ என்றும் பெயரிட்டனர். ஆனால் அனுப்புவோர் ஒரு கோளில் வாழ்ந்தால், அக்கோள் தன் விண்மீனைச் சுற்றிவருவதால் துடிப்பின் இடைவெளி நீண்டும் குறுகியும் தோன்ற வேண்டும். அளந்ததில் நம் புவியின் இயக்கமே தெரிந்தது, வேறெதுவும் இல்லை. ஒரு துடிப்பு நீடித்ததோ நொடியில் ஆயிரத்தில் 16 பங்கு. அதற்குள் ஒளி கடக்கும் தொலைவு 4,800 கிலோமீட்டர். துடிக்கும் பொருள் அதனினும் பெரிதாக இருத்தல் அரிது. விண்மீன் ஒன்று புவியைவிடச் சிறிதாக இருப்பதா?

டிசம்பர் 21 இரவு, குளிரில் அலைவாங்கி முரண்டு பிடித்தது. அவர் அதைத் திட்டினார். வாயால் வெப்பக் காற்றை ஊதினார். ஐந்து நிமிடம் ஒழுங்காக இயங்கியது. அது போதுமாக இருந்தது. வானின் வேறொரு மூலையில் 1.2 நொடி இடைவெளியில் இரண்டாவது துடிப்பு கிடைத்தது. இரு வேறு திசைகளிலிருந்து வேற்றுலகத்தார் ஒரே அலைநீளத்தில் கூவுவது நடக்கக்கூடியதன்று. 1968 பிப்ரவரியில் செய்தி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. விரைந்து சுழலும் நொதுமி (நியூட்ரான்) விண்மீன்களே இத்துடிவிண்மீன்கள் என்பது பின்னர் உறுதியாயிற்று.

1974இல் நோபெல் பரிசு ஹியூவிஷுக்கும் வானலை வானியலர் மார்ட்டின் ரைலுக்கும் சென்றது. ஆய்வு மாணவர்க்கு அப்பரிசு பொருந்தாது என்று பெல் பெருந்தன்மையோடு சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டாலர் சிறப்புப் பரிசை, வாய்ப்புக் குறைந்த பின்னணியினர் இயற்பியல் ஆய்வு மாணவராகும் பொருட்டு அவர் கொடுத்துவிட்டார்.

அவருடைய ஆய்வேடு வானலை மூலங்களின் விட்டத்தை அளப்பது பற்றியது. துடிவிண்மீன்கள் அதன் பின்னிணைப்பில் உள்ளன.