பனியில் சறுக்கப் போகிறீர்களா?

ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய் வந்தவர்கள் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். "யுங்ஃப்ராவ்யோக்குக்குப் போனோம், பனியை அள்ளி எறிந்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், சாயந்திரம் கீழே வந்துவிட்டோம்" என்பார்கள். 3,454 மீட்டர் உயரத்துக்கு ரயிலே ஏற்றிவிடுகிறது. ரயிலே இறக்கியும் விடுகிறது. நமக்கு வேலை ஒன்றுமில்லை. ஆனால் போகிற வழியில் வெங்கன் என்ற கிராமத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சரிவு. அதில் குழந்தைகளும், குழந்தைகளைவிட மோசமாக அவர்களுடைய தகப்பனார்களும் விழுவதும் எழுவதுமாக இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராகச் சேர்ந்தால் என்ன என்ற ஆசை உங்களுக்கு உண்டா? உண்டென்றால், சேர்ந்து அடிபட்டவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

அடிபட்டது வெங்கனில் அல்ல. அதற்கு முன்பு, வேறொரு மலையில். பெயர் வேண்டாம். கூட வந்த நண்பர் பல வருஷங்களாக ஸ்கீ கட்டைகளில் சறுக்கிப் பழகியவர். "பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவானேன்? அரை மணியில் நானே சொல்லித் தருகிறேன்" என்றார். பணம் மிச்சம் என்றதும் எனக்கும் இனித்தது. சாமான்களை வாடகைக்குத் தரும் கடையில், "உங்களுக்கு ஸ்கீ எந்த அளவுக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் பத்து வயதுப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "சுமாராகத் தெரியும்" என்று சொல்லி வைத்தேன்.

இந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் தெரியுமா? பூட்ஸைக் கட்டையோடு பூட்டும் கொக்கிக்குப் பைண்டிங் என்று பெயர். விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் அளவு, திறமை எல்லாவற்றையும் கணக்கிட்டுத் திருகி வைக்கிறார்கள். திறமைசாலிக்குக் கொக்கி இறுக்கமாக இருக்கும். வேகத்தில் கண்ட இடத்தில் கழன்றுவிடக் கூடாதல்லவா? ஒன்றும் தெரியாதவனுக்குச் சீக்கிரம் கழல வேண்டும். என்னுடைய கொக்கி, சுமாராகத் தெரிந்தவனுக்கு ஏற்றபடி பூட்டப்பட்டது.

அன்று பிற்பகலே நண்பர் என்னை மேலே அழைத்துப் போய்விட்டார். உச்சியில் நின்று கீழே பார்த்தேன். அது சரிவாகத் தெரியவில்லை, கிணறாகத் தெரிந்தது. ஐம்பது கஜம் போயிருப்பேன். கட்டை ஒரு பக்கம் திரும்பியது, நான் ஒரு பக்கம் திரும்பினேன். கொக்கி கழலவில்லை, முழங்கால்தான் விட்டுக்கொடுத்தது. அந்த வாரத்தில் பாக்கி ஐந்து நாளும் ஹோட்டல் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் சறுக்குவதை வேடிக்கை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மிச்சம் பிடித்த பணம் டாக்டருக்கு முன்பணமாகக்கூடப் போதவில்லை.

ஆகவே, முதல் முறை போகிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மலை, எத்தனை மைல் பாதை என்று பார்க்க வேண்டாம். முதல் மூன்று நாள் நாம் எங்கே விழப் போகிறோம் என்பதைப் பாருங்கள். அந்த இடம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். களைத்துப் போனால் அறைக்குத் திரும்ப ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. கட்டைகளைத் தோளில் சுமந்து நடக்கிறவனுக்குத்தான் தூரத்தின் அருமை தெரியும்.

சில வருஷங்கள் கழித்து, மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு வெங்கனுக்குப் போனதற்கு இதுதான் காரணம். 1,274 மீட்டர் உயரத்தில், வெயில் நன்றாக விழும் மலைத்திட்டு. அங்கே மோட்டார் ரஸ்தா கிடையாது. காரில் வருகிறவர்களும் அடிவாரத்தில் லௌட்டர்புரூனன் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு, 1893-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பல்சக்கர ரயிலில் கால்மணி நேரம் ஏறித்தான் வர வேண்டும். தெருவில் குழந்தையின் கையை விட்டுவிடலாம். விமான நிலையம் ஸூரிச்சோ ஜெனீவாவோ எதுவானாலும், இன்டர்லாக்கன் வழியாகக் கடைசி வரை ரயிலிலேயே வந்துவிடலாம்.

எப்போது போவது? கிறிஸ்துமஸ், புது வருஷ வாரங்கள் வேண்டாம். கூட்டமும் வாடகையும் உச்சியில் இருக்கும். ஜனவரி நடுவில் லௌபர்ஹார்ன் பந்தயம் நடக்கும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். 1930-ல் தொடங்கிய பந்தயம் அது. நாலரைக் கிலோமீட்டர் பாதையை இரண்டரை நிமிஷத்தில் இறங்கிவிடுகிறார்கள். 2013-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்! பார்க்க அழகுதான், ஆனால் அப்போது தங்க அறை கிடைக்காது. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வந்து மறுபடி கூட்டம் சேரும். பந்தயம் முடிந்தபின் ஜனவரிக் கடைசி, அல்லது வெயிலும் பகல் நீளமும் கூடும் மார்ச் தொடக்கம் எனக்குப் பிடித்தவை. ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். ஆல்ப்ஸில் குளிர்காலம் முன்போல் குளிர்வதில்லை. தாழ்வான சரிவுகளில் சில வருஷம் பனி குறைந்து புல் தலைகாட்டிவிடுகிறது. இயந்திரத்தால் பனி தூவிச் சமாளிக்கிறார்கள். மார்ச்சைத் தள்ளிக்கொண்டே போய் ஏப்ரல் ஆக்கிவிடாதீர்கள்.

விசா, டிக்கெட் விஷயங்களில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள், எல்லோரும் எடுக்கிறோம். அந்தப் பாலிசியில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படிப்பவர்கள்தான் குறைவு. பலவற்றில் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மலையில் விழுந்தவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனால், அந்தச் செலவுச் சீட்டைப் பார்த்து மறுபடி ஒரு முறை விழ நேரும்.

பள்ளிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். புதியவர்களுக்கான வகுப்பு பெரும்பாலும் ஞாயிறோ திங்களோ தொடங்கி ஐந்து நாள் நடக்கும். புதன்கிழமை போய் இறங்கினால் யாரும் உங்களுக்காக முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். முதல் இரண்டு நாளைக்கு மலை முழுவதற்குமான லிஃப்ட் பாஸ் தேவைப்படாது. சிறிய சரிவுக்கு மட்டும் சீட்டு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

உடையெல்லாம் வாங்கிக் குவிக்காதீர்கள். கால்சட்டை, கோட்டு, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் இடங்கள் உண்டு. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பை நடுக்கிவிடும். கம்பளியோ, அதற்கென்றே விற்கும் செயற்கை நூல் உடையோ நல்லது. குளிருமே என்று இரண்டு ஜோடிக் காலுறை மாட்டுவது நம்மவர் வழக்கம். ஒன்றே போதும், இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து காலைக் கடிக்கும். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். ஆகவே முகத்துக்குக் களிம்பும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இருப்பதாகப் பாவித்துத் தினம் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். தொடை எரியும். அது இங்கேயே எரிந்து முடிவது நல்லது.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கும் ரோஸ்டி அமிர்தமாக இருக்கும். பன்றிக்கறி சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாலாடைக் கட்டியை உருக்கித் தரும் ஃபாண்டூவில் ஒயின் சேர்ப்பது வழக்கம். வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சமையலறையோடு கூடிய வீடு எடுத்துக்கொண்டோம். செலவும் குறைந்தது, ராத்திரி ரசமும் கிடைத்தது.

வெங்கனில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் மியூரன் என்ற கிராமம் தெரியும். கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தை, இன்று நாம் அறிந்த உருவில், 1922-ல் அங்கேதான் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் அமைத்தார். அவர் பிறந்த ஊர் எது என்கிறீர்கள்? சாக்ஷாத் நம் சென்னைதான்! தகப்பனார் பாதிரியாராக இந்தியாவுக்கு வந்திருந்தபோது, 1888-ல் பிறந்தவர். 1909-ல் மலையேறும்போது விழுந்து கால் முறிந்து, ஒரு கால் குட்டையாகவே நின்றுவிட்டது. அந்தக் காலோடுதான் அவர் பிற்பாடு இவ்வளவும் செய்தார். என் முழங்காலைத் தடவிக்கொண்டு, எதிர்ச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இம்முறை கடையில், "எந்த அளவுக்குத் தெரியும்?" என்று கேட்டதும், "ஒன்றும் தெரியாது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். எடையில் மட்டும் பழக்க தோஷத்தால் ஆறு கிலோ குறைத்துவிட்டேன். கடைக்காரர் என் கோட்டுப் பொத்தான்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையிலிருந்த தராசைக் காட்டினார்.

முதல் நாள் பாடமே விழுவதும் எழுவதும்தான். எழும்போது கட்டைகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த கையோடு புறப்பட்டுவிடும். பிறகு கட்டைகளின் முனைகளை நெருக்கி, பின்புறத்தை அகட்டி, ஓட்டுக் கூரை போல வைத்து நிறுத்தக் கற்றுத் தந்தார்கள். மேலேயிருந்து அம்பாய் வருகிறவர்களைப் பார்த்து நான் நடுங்கியபோது ஆசிரியை ஒரு விதியைச் சொன்னார். முன்னால் போகிறவருக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. சர்வதேச ஸ்கீ சங்கத்தின் பத்து விதிகளில் அதுவும் ஒன்று. அதைக் கேட்டதும் பாதி பயம் போயிற்று.

பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நான்காம் நாள் மகளின் வகுப்பை ரயிலில் கிளைனே ஷைடெக்குக்கு அழைத்துப் போய், நீலப் பாதையில் இறக்கினார்கள். ஐந்தாம் நாள் எங்கள் முறை. மேலே பனிமூட்டம் இறங்கியிருந்தது. என் முழங்காலும் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தது. "ரயில் இருக்கிறதே, அதில் இறங்குங்கள், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் ஆசிரியை. வெங்கனில் இது ஒரு பெரிய சௌகரியம். மனைவி வகுப்போடு சறுக்கிப் போனாள். நான் கட்டைகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

இடையில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. மூக்கு நுனி வரை சிவந்து, தலையெல்லாம் பனியாக, மகள் தன் வகுப்போடு ஏறினாள். என்னைப் பார்த்ததும், "அப்பா, நீ எத்தனை தடவை விழுந்தே?" என்று கேட்டாள்.

"இன்றைக்கு ஒரு தடவைகூட விழவில்லை" என்றேன். அது உண்மைதானே?