வேகாத பாறை

அண்டார்டிக் தீபகற்பத்தின் நுனியிலிருந்து சுமார் 245 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது எலிஃபன்ட் தீவு. அதன் வடகரையில் கடலுக்குள் மூக்கை நீட்டும் பாறைமுனைக்கு ‘பாயிண்ட் வைல்டு’ என்று பெயர். காட்டுத்தனமான இடம் என்பதால் வந்த பெயரல்ல. பிராங்க் வைல்டு என்ற மனிதரின் பெயர் அது.

துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலை 1915இல் பனிக்கடல் நொறுக்கிவிட்டது. அதிலிருந்த 28 பேரும் மறு ஆண்டு ஏப்ரலில் மூன்று படகுகளில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் ஒரு படகில் உதவி தேடிப் போக, மீதி 22 பேர் வைல்டின் பொறுப்பில் இந்த முனையிலேயே தங்கினார்கள். கல்லை அடுக்கிக் குட்டைச் சுவர், அதன்மேல் கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள். அதுதான் வீடு. அடுப்பெரிக்கச் சீல் கொழுப்பும் பென்குயின் தோலும்.

மனிதர்களின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னை இழுப்பது அவர்கள் காலடியில் கிடந்த கல்.

தீவின் வடகிழக்குப் பாறைகளில் நீலச் சாயல் கொண்ட ஒரு கனிமம் இருக்கிறது. பெயர் கிளாக்கோஃபேன். அது உருவாகக் கடும் அழுத்தம் வேண்டும். ஆனால் சூடு அதிகம் ஆகக் கூடாது. பூமிக்குள் இது எளிதில் வாய்க்காத சேர்க்கை. ஆழத்துக்குப் போகப் போக இரண்டும் சேர்ந்துதானே ஏறும்?

வழி ஒன்று உண்டு. கடற்படுகையைச் சுமந்த புவித்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புகும்போது அழுத்தம் உடனே ஏறிவிடும். சூடு மெதுவாகத்தான் உள்ளே பரவும். கொதிக்கும் பானையில் முழுக் கருணைக்கிழங்கைப் போட்டால் தோல் வெந்த பிறகும் நடுப்பகுதி சில்லென்று இருப்பதில்லையா, அப்படி. அந்த இடைவெளியில்தான் நீலக் கனிமம் பிறக்கிறது. ஆழத்திலேயே தங்கிச் சூடேறினால் நீலம் போய்ப் பச்சையோ கறுப்போ ஆகிவிடும். தென்மேற்கே போகப் போகத் தீவின் பாறைகளில் அதுவும் தெரிகிறது: அவை இன்னும் அதிகம் வெந்தவை. வடகிழக்குப் பாறையோ சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, முழுக்க வேகாமலே மேலே வந்து, இன்று பென்குயின்கள் நடக்கும் தரையாகியிருக்கிறது.

அந்த 22 பேரில் ஒருவர் ஜேம்ஸ் வொர்டி. தொழில்முறை நிலவியலாளர்! பாறையைப் படிக்கத் தெரிந்தவர் அதன்மேலேயே நான்கு மாதத்துக்கு மேல் படுத்து எழுந்தார். ஆனால் அது ஏன் நீலம் என்று சொல்ல அன்று உலகில் யாரும் இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற வெகெனரின் புத்தகம் வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. புவித்தட்டுக் கொள்கை உருப்பெற 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வொர்டியின் காத்திருப்பு அவ்வளவு நீளவில்லை. 1916 ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டின் யெல்ச்சோ என்ற சிறு கப்பல் வந்தது. 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். கப்பலைச் செலுத்திய லூயிஸ் பார்டோவின் மார்பளவுச் சிலை இப்போது அந்த முனையில் நிற்கிறது, சுற்றிலும் பென்குயின் இரைச்சலோடு.