குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு

குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு என்பது ஐக்கிய இராச்சியத்தில் முதியோர் தம் வீடுகளைச் சூடாக்கும் செலவுக்கு உதவும் பொருட்டு அரசு ஆண்டுதோறும் வழங்கும் தொகை ஆகும். கடுங்குளிரில் முதியோர் இதய நோயாலும் மூச்சு நோயாலும் இறக்கும் வாய்ப்பு கூடுகின்றது. கட்டணத்துக்கு அஞ்சி வீட்டைச் சூடாக்காது இருப்போருக்கு உதவுவதே இதன் நோக்கம். எனினும் இது பணமாகவே வழங்கப்படுவதால், பெறுவோர் எதற்கும் செலவிடலாம்.

வரலாறு

தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் 1997 இல் இத்திட்டத்தை அறிவித்தார். தொடக்கத்தில் வயதெல்லை பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 ஆக இருந்தது. இது பாகுபாடு என ஐரோப்பிய நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்ததை அடுத்து, இருபாலாருக்கும் 60 ஆக்கப்பட்டது. 2010 முதல் வயதெல்லை படிப்படியாக உயர்த்தப்பட்டது.

தொகை

பொதுவாக ஒரு வீட்டுக்கு 200 பவுண்டுகள் வழங்கப்படும். 80 வயது நிறைந்தவர் இருப்பின் 300 பவுண்டுகள் வரை கிடைக்கும். இத்தொகைக்கு வருமான வரி இல்லை.

சர்ச்சை

செல்வந்தருக்கும் இது கிடைப்பதாகக் குறைகூறப்பட்டது. 2024 சூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்சு, இங்கிலாந்திலும் வேல்சிலும் வறியோருக்கான உதவித்தொகைகளைப் பெறும் முதியோருக்கு மட்டும் இதனை வரையறுத்தார். இதனால் வருமான எல்லையைச் சற்றே கடந்தோரும், தகுதியிருந்தும் அவ்வுதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதோரும் கொடுப்பனவை இழந்தனர். கடும் எதிர்ப்பை அடுத்து, 2025 சூனில் இம்முடிவு மாற்றப்பட்டது. அதன்படி ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுகளுக்கு மேற்படாத முதியோர் இதனைப் பெறலாம். மேற்பட்டோரிடமிருந்து தொகை வரி வழியே மீளப்பெறப்படும். ஸ்காட்லாந்து அரசு இதற்கு ஈடான தனித்திட்டம் ஒன்றை நடத்துகின்றது.