அலுமினியக் கலப்புலோகங்களின் வெப்பப் பதனிடல்

வெப்பப் பதனிடல் என்பது ஓர் உலோகத்தைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கி, குறிப்பிட்ட முறையில் குளிர்வித்து, அதன் பண்புகளை மாற்றும் முறையாகும். செப்பு, துத்தநாகம், மக்னீசியம் போன்றவை தக்க அளவில் சேர்ந்த அலுமினியக் கலப்புலோகங்கள் இதனால் பெரிதும் வலுப்பெறுகின்றன. தூய அலுமினியத்தில் இம்முறை வலிமையைக் கூட்டாது. வலுப்பெறும் கலப்புலோகங்களிலும், வலிமை உச்சத்தை எட்டும் நிலை அரிமானத்தை நன்கு தாங்கும் நிலையாக இருப்பதில்லை.

வரலாறு

1906இல் ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம், செப்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிர்வித்தார். அது உடனே கடினமாகவில்லை. சில நாள்களுக்குப் பின் சோதித்தபோது கடினத்தன்மை உயர்ந்திருந்தது. இவ்வாறு உருவானதே டியூராலுமின். இதற்கான காரணத்தை 1938இல் பிரான்சின் கினியேவும் பிரிட்டனின் பிரெஸ்டனும் எக்ஸ் கதிர் ஆய்வுகளால் தனித்தனியே விளக்கினர்.

செயல்முறை

துத்தநாகம், மக்னீசியம், செப்பு ஆகியவை கலந்த 7075 என்னும் கலப்புலோகத்தில் இது மூன்று படிகளாக நடைபெறுகிறது.

1. கரைத்தல்: சூடான நீரில் அதிகச் சர்க்கரை கரைவது போல, ஏறத்தாழ 480 பாகை செல்சியஸில் கலப்புத் தனிமங்கள் திண்ம அலுமினியத்தில் கரைகின்றன.
2. விரைந்து குளிர்வித்தல்: நீரில் அமிழ்த்தியதும், கரைந்தவை பிரிய நேரமின்றி உள்ளேயே தங்குகின்றன. இது மீதெவிட்டிய திண்மக் கரைசல்.
3. முதிர்வித்தல்: ஏறத்தாழ 120 பாகையில் 24 மணிநேரம் வைத்தால், நுண்ணிய வீழ்படிவுகள் தோன்றுகின்றன. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதை இவை தடுக்கின்றன.

மென்மையாக்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 230 மெகாபாஸ்கலாக இருக்கும் இழுவிசை வலிமை, இதன்பின் 570 மெகாபாஸ்கல் அளவுக்கு உயர்கிறது. இது டி6 நிலை எனப்படும்.

அரிமானத்தின் மீதான விளைவு

அலுமினியத்தை அதன் மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. ஆனால் படிகத்துகள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் வீழ்படிவுகள் சேரும்போது, அவ்விடத்தின் வேதி இயைபு சுற்றுப்புறத்திலிருந்து வேறுபடுகிறது. ஈரமும் உப்பும் பட்டால் அங்கு நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, எல்லை வழியே அரிப்பு உள்நோக்கிச் செல்கிறது. குளிர்வித்தல் மெதுவாக நடந்தால் இக்குறை மிகுகிறது.

தொடர்ந்து இழுவிசைக்கு உள்ளாகும் பகுதியில் இது தகைவு அரிமான விரிசலாக மாறலாம். அப்போது உலோகத்தின் வலிமையை விடக் குறைந்த சுமையிலேயே பாகம் உடையக்கூடும்; மேற்பரப்பில் பெரிய அறிகுறி தெரியாமலும் போகலாம். தடித்த 7075-டி6 பாகங்களில் இந்த அபாயம் அதிகம்.

தீர்வுகள்

டி73 என்னும் முறையில், முதல் முதிர்வித்தலுக்குப் பின் ஏறத்தாழ 170 பாகையில் மீண்டும் பல மணிநேரம் சூடாக்குவர். வீழ்படிவுகள் பருத்து இடைவெளி கூடுவதால் வலிமை 10 முதல் 15 விழுக்காடு குறைகிறது. விரிசலை எதிர்க்கும் திறனோ பெரிதும் உயர்கிறது. தகடுகளில், உள்ளிருக்கும் வலிய கலப்புலோகத்தைக் காக்க மேற்பரப்பில் தூய அலுமினியம் அல்லது அரிமானம் தாங்கும் வேறொரு கலப்புலோகம் போர்த்தப்படுவதும் உண்டு.

எனவே, விமானப் பாகம் போன்றவற்றுக்கு உலோகம் தேர்ந்தெடுக்கும்போது 7075 என்ற எண் மட்டும் போதாது. அதையடுத்து வரும் பதனிடல் குறியீட்டையும் பார்க்க வேண்டும்.